பூஜ்ஜியம் போட்ட டிக்கெட்

பட்ஜெட்டுக்கு மறுநாள் என்றால் எங்கள் ஆலையில் அது என் நாள். மாநிலத்தினுடையதோ மத்தியினுடையதோ, காலை டீ நேரத்தில் ஸ்டோர்ஸ் அறை வாசலில் ஆட்கள் கூடிவிடுவார்கள். செய்தித்தாளை அட்டைப்பெட்டி மேல் விரித்து வைத்து, எது ஏறியது, எது இறங்கியது, யாருக்குக் கொண்டாட்டம், யார் தலையில் துண்டு என்று நான் பிரித்துப் பிரித்துச் சொல்வேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. நஞ்சன்கூட்டில் ஒரு தனியார் ஆலையில் சரக்கு வந்ததையும் போனதையும் பார்த்துக்கொள்கிறவன். ஆனால் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவன்.

சர்க்காரும் ஒரு குடும்பஸ்தன் மாதிரிதான் என்று ஆரம்பிப்பேன். வருமானம் பற்றவில்லை என்றால் வரியைக் கூட்டும், கைமீறினால் கடன் வாங்கும். ஒரே ஒரு வித்தியாசம். காலம் கெட்டுக்கிடந்தால் நீயும் நானும் கையை இறுக்குவோம். சர்க்கார் அப்போதுதான் கையை விரிக்கும். ஜனங்கள் கையில் காசு புழங்கினால்தான் கடையில் வியாபாரம் நடக்கும், கடையில் நடந்தால்தான் நம் ஆலைக்கு ஆர்டர் வரும், அந்த ஆர்டரிலிருந்து வரி திரும்ப அதன் பைக்கே போகும். இப்படிச் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கு மார்பு கொஞ்சம் விரியும்.

வீட்டிலும் நான்தான் நிதியமைச்சர். மைசூரில், தேவராஜ மொஹல்லாவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. சம்பளம் வந்ததும் அரிசிக்கு இவ்வளவு, கேஸுக்கு இவ்வளவு என்று பிரித்து மனைவி கையில் கொடுப்பேன். எங்காவது போக வேண்டும் என்று அவள் வாயெடுத்தால், "பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான் என் முதல் கேள்வி. அவள் ஒரு கணக்குச் சொல்வாள், அதைக் கேட்ட பிறகு அவளே, "அடுத்த மாசம் பார்க்கலாமுங்க" என்றும் சொல்லிவிடுவாள். நாங்கள் இருவரும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அவள் பேச்சில் அந்த 'ங்க' போகவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் குண்டலுபேட்டைக்காரன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கன்னடக்காரன், செண்டுமல்லி பயிர் வைக்கிறவன். பையன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. என்னைக் கேட்கவில்லை என்பதுதான் என் கோபம். கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை வங்கியிலேயே கிடக்கவிட்டேன். சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்தபோது, "என் காசு ஒரு பைசா அந்த வீட்டு வாசலைத் தாண்டாது" என்று எல்லோர் முன்னிலும் சொன்னேன். என் மனைவி சமையலறையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலத்தில்தான் மாநிலத்தில் ஆட்சி மாறி, பெண்களுக்கு அரசுப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அறிவித்தார்கள்.

முதல் தடவை நாங்கள் இருவரும் சேர்ந்து நஞ்சன்கூட்டுக் கோயிலுக்குப் போனது நினைவிருக்கிறது. கண்டக்டர் வந்தார். அவள் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் ஒரு டிக்கெட்டைக் கிழித்து மரியாதையாக அவள் கையில் வைத்தார். கட்டணம் என்ற இடத்தில் பூஜ்ஜியம். பிறகு என் பக்கம் திரும்பி, சில்லறையாகக் கொடுங்கள் என்று முகத்தைச் சுளித்தார். அவளுக்கு ஜன்னலோர இருக்கை. எனக்குக் கம்பி. ஆண்களுக்குப் பாதி இருக்கை ஒதுக்கியிருப்பதாகச் செய்தித்தாளில் படித்திருந்தேன்; அந்தப் பாதியிலும் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அந்த டிக்கெட்டைக் கசக்கி எறியாமல் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். காசில்லாத டிக்கெட்டுக்கு என்ன பத்திரம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு மாதம் இரண்டாயிரம் வந்தது. வீட்டின் யஜமானிக்கு என்று அறிவிப்பிலேயே இருந்தது. யஜமானன் நான் இங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன், பணம் அவள் கணக்குக்குப் போகிறது. அவள் பேரில் வங்கிக் கணக்கு ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது.

கொடுத்தால் எங்கிருந்தாவது எடுக்க வேண்டுமே. எடுத்தார்கள். பெட்ரோலுக்கு வரி ஏறியது. தினமும் நஞ்சன்கூட்டுக்கு வண்டி ஓட்டுகிறவன் நான். பீருக்கு வரி ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பாட்டில் குடிக்கிறவன் நான். பிறகு பஸ் கட்டணத்தையே ஏற்றினார்கள். அவளுக்குப் பூஜ்ஜியம் எத்தனை தடவை ஏறினாலும் பூஜ்ஜியம்தான். எனக்குத்தான் ஏறியது. என் சட்டையும் அவள் கைப்பையும் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் தொங்கும். அதிலிருந்து எடுத்து இதில் போட ஒரு சட்டசபை, ஒரு விதான சௌதா எதற்கு என்று ஆலையில் கத்தினேன்.

"சார், விடுங்க" என்றார் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கன்னடக்காரர். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். "நம்ம ஹெங்கசருக்கெல்லாம் சர்க்கார்தான் இப்ப தவரு மனே."

ஹெங்கசர் என்றால் பெண்கள், தவரு மனே என்றால் பிறந்த வீடு. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது சரியான பேச்சு. எங்கள் பக்கம் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்கு வருகிற காசைப் புருஷன் கேட்கக்கூடாது. புடவைக்கு, பொங்கலுக்கு, பிள்ளைப்பேற்றுக்கு என்று அண்ணன் தம்பி கொடுத்தால் அது அவள் காசு. அதை வாங்கிச் செலவழித்தான் என்றால் அந்த ஆம்பிளைக்குப் பெயர் கெட்டுவிடும். என் மனைவிக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. இந்த வயதில் திடீரென்று ஒரு அண்ணன் முளைத்துவிட்டான், அதுவும் விதான சௌதாவில் உட்கார்ந்திருக்கிற அண்ணன். அந்தப் பணத்தைப் பற்றி நான் ஒருநாளும் அவளைக் கேட்கவில்லை. கேட்க நாக்கு துடித்தது.

அவள் வெளியே போக ஆரம்பித்தாள். "போயிட்டு வர்றேனுங்க" என்பாள், அவ்வளவுதான். எங்கே என்று அவளும் சொல்லவில்லை, பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டே பழகிய எனக்கு வேறு கேள்வியும் வரவில்லை. மார்க்கெட் என்று நினைத்துக்கொள்வேன். கோயில் என்று நினைத்துக்கொள்வேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தர்மஸ்தலாவுக்கும் மேல்கோட்டைக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் இவள் தனியாகப் போனாள். திரும்பி வந்த நாட்களில் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கும், முகம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், அடுப்படியில் ஏதோ முணுமுணுப்பு கேட்கும். என்னோடு போன இடங்களிலிருந்து அவள் ஒருநாளும் அப்படித் திரும்பியதில்லை.

பொறாமை என்றுதான் அதற்குப் பெயர். வேறு நல்ல பெயர் வைக்க நான் முயற்சி செய்து பார்த்தேன், அமையவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒரு ஆளாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். சர்க்காரின் சட்டையை எங்கே போய்ப் பிடிப்பது? ஒரு சந்தேகமும் உள்ளே ஊர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐம்பதைத் தாண்டியவளை என்ன சந்தேகம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஊர்ந்தது.

ஒருநாள் லாரி வரவில்லை என்று ஆலையில் மதியத்துக்கு முன்பே விட்டுவிட்டார்கள். என் வண்டி பட்டறையில் கிடந்தது. மைசூர்ப் பஸ்ஸுக்காக நஞ்சன்கூடு பஸ் நிலையத்தில் நின்றேன். எதிர்ப்பக்கம் குண்டலுபேட்டை போகிற பஸ் வந்து நின்றது. ஜன்னலோரத்தில் என் மனைவி.

பக்கத்தில் யாரோ ஒரு பெண், முன்பின் பார்த்திராதவள். இருவரும் ஒரு பொட்டலத்திலிருந்து கடலை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் ஏதோ சொன்னாள், என் மனைவி தலையைப் பின்னால் சாய்த்து வாய் நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கடலைப் பொட்டலத்தோடு கிடைத்த சிரிப்பு எனக்கு இத்தனை வருஷத்தில் கிடைக்கவில்லை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஓடிப்போய்ப் பின்வாசலில் ஏறினேன். பெண்கள் கூட்டம். முன்னால் அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. கண்டக்டர் பெண்களைத் தாண்டித் தாண்டி என்னிடம் வந்து, "எல்லி?" என்றார். குண்டலுபேட்டை என்று மெதுவாகச் சொல்லி, ஏறிப்போன கட்டணத்தைக் கொடுத்தேன். அந்தப் பஸ்ஸில் காசு கொடுத்தவர்கள் கை விரலுக்குள் அடங்குவார்கள். வழியெல்லாம் யார் யாரோ என் காலை மிதித்தார்கள். யார் வந்து நிற்கப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். குண்டலுபேட்டையில் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? தெரிந்தும் இறங்க மனசு வரவில்லை.

பஸ் நிற்பதற்குள் வாசலுக்குக் கீழே என் மகள் நின்றிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குழந்தை பிறந்தது எனக்குத் தெரியும். ஊரில் யாரோ சொன்னார்கள். இவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. என் மனைவி படியில் கால் வைத்ததுமே அது, "அஜ்ஜீ!" என்று கத்திக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டித் தாவியது. பிடிக்க ஆள் இருக்கிறாள் என்று தெரிந்த குழந்தைதான் அப்படித் தாவும். நான் பின்வாசல் வழியாக இறங்கி ஒரு பூக்கடைத் தார்ப்பாய்க்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர்கள் மூவரும் பேசிக்கொண்டே போனார்கள். என் மகள் தன் அம்மாவின் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர்கள் தெருத் திரும்பிய பிறகு மைசூர்ப் பஸ்ஸைப் பிடித்து, மறுபடி காசு கொடுத்து, வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். முகம் கழுவிவிட்டு, முறத்தில் அவரேக்காயைக் கொட்டி, மொச்சை மாதிரி உரிக்க உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா குண்டலுபேட்டைக்குப் போற?" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "பஸ் ஃப்ரீ ஆனதுல இருந்துங்க."

"நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"உங்க காசு ஒரு பைசா அந்த வாசலைத் தாண்டாதுன்னு சொன்னீங்க. தாண்டலீங்க." ஒரு காயை உரித்துப் பருப்பைப் பாத்திரத்தில் போட்டாள். "போக வர சர்க்கார் பஸ்ஸு. கொழந்தைக்கு எடுத்துட்டுப் போனதெல்லாம் அந்த ரெண்டாயிரத்துலதானுங்க. பொறந்த ஊட்டுக் காசு மாதிரி அது. உங்க சட்டையை நான் தொட்டதே இல்லீங்க."

ஒரு எழுத்துப் பிசகாமல் என் உத்தரவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறாள். கோபிக்க ஒரு இடம் விடவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் எனக்கு நாக்கு அவிழ்ந்தது.

"சர்க்காருக்கு ஏதுடி காசு? அது என்ன வயல்ல விளையுதா? என் பெட்ரோல்ல எடுக்கறான். என் பீர்ல எடுக்கறான். நான் குளிக்கற சோப்புல எடுக்கறான், நான் வாங்கற டிக்கெட்டுல எடுக்கறான். எடுத்து உன் கையில குடுத்துட்டு அவன் படத்தைப் போஸ்டர்ல போட்டுக்கறான். அந்தக் கொழந்தை இன்னிக்குப் போட்டிருந்ததே மஞ்சள் கவுன், அது யார் காசு? என் காசு! நீ கொண்டுபோன பழம், பிஸ்கட்டு, எல்லாம் என் காசு! கொடுத்தவன் நான், பேரு அவனுக்கா?"

இதைச் சொல்லி முடித்தபோது அடுத்த வீட்டில் டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. என் மனைவி முறத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"மஞ்சள் கவுனா?" என்றாள். "பார்த்தீங்களா?"

நான் முறத்திலிருந்து ஒரு காயை எடுத்தேன்.

"கொடுத்தது நீங்கதான்னு எனக்குத் தெரியாதுங்களே" என்றாள். குரலில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அப்ப இத்தன நாளா நீங்கதான் பண்ணிட்டிருந்திருக்கீங்க. பாவம், அந்தக் கொழந்தைக்கு யாரும் சொல்லலை. நீங்களே வந்து சொல்லிடுங்க. ஞாயித்துக்கெழமை போறேனுங்க."

மறுபடி அவரேக்காயை உரிக்க ஆரம்பித்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக மகள் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன் என்று என்னை நானே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அந்த வீட்டுக்கு மாதா மாதம் காசு கட்டிக்கொண்டிருந்தவனே நான்தான். கட்டியும் ஒரு முகம் பார்க்கவில்லை. பார்த்தவள் ஒரு காசு கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்காமல் சனிக்கிழமையே மார்க்கெட் பக்கம் போய் ஒரு பொம்மை வாங்கினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஜேசிபி என்றால் உயிராம், கடைக்காரன் சொன்னான். மஞ்சள் நிறம், மண் அள்ளுகிற கை மேலும் கீழும் போகும். பில்லில் அதற்கும் வரி இருந்தது. பேசாமல் கொடுத்தேன். இது சர்க்கார் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாது, நேராக என் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகும் என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

பஸ்ஸில் அவளுக்குப் பூஜ்ஜியம், எனக்குக் காசு. இந்தத் தடவை அவள் தனக்குப் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்தாள். வழியில் ஏறிய நாலைந்து பெண்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரித்தார்கள். ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "நிம்ம மனெயவ்ரா?" என்று கேட்டாள். உங்கள் வீட்டுக்காரரா என்று. இந்த வழியில் என் மனைவிக்கு ஒரு ஊரே இருந்தது, எனக்கு அதில் ஒருவரையும் தெரியவில்லை.

மகள் அதே இடத்தில் நின்றிருந்தாள். அவளிடம் என் மனைவி முன்கூட்டியே சொல்லவில்லை போல. என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு நிமிஷம் எதையும் காட்டவில்லை. "வாங்க" என்றாள். 'அப்பா' என்று சேர்த்துச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

குழந்தை வழக்கம்போலத் தாவி என் மனைவி கழுத்தைக் கட்டிக்கொண்டது. பேச என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் பொம்மையை எடுத்து நீட்டினேன். அது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. அந்த இரும்புக் கை மாதிரி இருந்த பிளாஸ்டிக்கை மேலே தூக்கியது, கீழே இறக்கியது, முகமெல்லாம் பல். பிறகு அப்படியே திரும்பி என் மனைவி கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, "அஜ்ஜி தந்தது!" என்று தன் அம்மாவிடம் காட்டியது. நல்லது எதுவும் அதற்கு அந்த ஒரு கையிலிருந்துதானே இதுவரை வந்திருக்கிறது.

"அஜ்ஜி இல்ல கண்ணு. இவரு தந்தாரு" என்றாள் என் மனைவி.

குழந்தை என்னைப் பார்த்தது. "யாரு இவரு?"

என் மனைவி என் மகளைப் பார்த்தாள். நானும் என் மகளைத்தான் பார்த்தேன். ஸ்டோர்ஸ் வாசலில் நின்று கஜானாவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற எனக்கு, நான் யார் என்று சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. அவள் சொல்லட்டும் என்று நின்றேன். அவள் குழந்தையின் கவுனில் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிவிட்டாள்.

"அஜ்ஜி கூட வந்திருக்காரு" என்றாள்.

குழந்தைக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. மூவரும் முன்னால் நடந்தார்கள். என் மனைவி திரும்பிப் பார்த்து வாங்க என்று தலையசைத்தாள். நான் பின்னால் நடந்தேன்.